முக்கால்மணி அக்கா

சுடுதளத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முக்கால்மணி அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். ஸ்கோப் வைத்த ரைபிளுக்குக் குறி சரிபார்த்துக் கொடுப்பது அவள் வேலை. வனத்துறை, போலீஸ், போட்டிக்குச் சுடுகிறவர்கள், யார் கொண்டுவந்தாலும் மணல்மூட்டை மேல் ரைபிளை வைத்து மூன்று குண்டு சுடுவாள். தொலைநோக்கியில் பார்ப்பாள். ஸ்கோப்பின் தலையில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, திருகை இத்தனை கிளிக் என்று எண்ணித் திருப்புவாள். மறுபடி மூன்று. எல்லாம் நடுவில் விழுந்ததும், வந்தவர் முகம் மலர்ந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்வார். அப்போதுதான் ரைபிளைத் தாங்கியில் சாய்த்துவிட்டு அவள் சொல்வாள்:

“முக்கால் மணி நேரம் ஆகும்.”

“எதுக்குக்கா? அதான் நடுவுல விழுதே!”

“இப்ப குழல் சூடா இருக்கு. காட்டுல மிருகம் வந்து நின்னு, ‘முதல்ல நாலு குண்டு சுட்டு சூடு பண்ணிக்கோப்பா, நான் வெயிட் பண்றேன்’னு சொல்லுமா? ஆறின குழல்ல முதல் குண்டு எங்க போகுதோ அதுதான் குறி. மத்ததெல்லாம் விளையாட்டு.”

காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தவர்கள்கூட முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஒருமுறை பெரிய போலீஸ் அதிகாரி ஒருவர் மேசையைத் தட்டி எகிறினார். அவள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. சுடுவதற்கு இலக்காக வைக்கும் குறித்தாளை மாற்றும் வேலை. மண்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே குண்டு போகும். சிவப்புக் கொடி ஏறியதும் வெளியே வந்து ஓட்டைகளில் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். இடது காது அப்போதே பாதி போய்விட்டது. பிறகு ஆயுத அறையில் ஆள் இல்லாமல் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தபோது, சாவி வைத்திருந்தவள் என்ற ஒரே தகுதியில் அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பதினோரு ஆண்கள், இவள் ஒருத்தி, ஒரே கழிவறை. தண்ணீர் குடிக்காமலே பயிற்சியை முடித்து, இரண்டாவது இடத்தில் தேறி வந்தாள். முதலிடம் வந்தவன் இப்போது எங்கேயோ செருப்புக் கடை வைத்திருக்கிறானாம். இவள் இருபத்துநாலு வருஷமாக அதே பெஞ்சில் அதே மணல்மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். வலது தோள் எப்போதும் ஒரு வலியோடு இருக்கும். முழங்கால் எழும்போது ஒரு சத்தம், உட்காரும்போது ஒரு சத்தம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

அன்று காலை எட்டே காலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போகப் பிடிக்கவில்லை. பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். ஏழாம் எண் ரைபிளைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்.

ஏழாம் எண் ரைபிளின் கதை சின்னதுதான். முப்பத்தாறு நாளைக்கு முன்னால், வயலை அழித்துக்கொண்டிருந்த ஒரு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு வந்தது. சுடப் போனவன் வனத்துறைக் காவலன் ஒருவன். ஆளின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் ஒட்டடைக்கம்பு என்று கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாகத் துப்பாக்கி தூக்குகிறவன், குறி தப்பினான் என்று யாரும் சொன்னதில்லை. நூறு மீட்டரில் பன்றி அசையாமல் நின்றது. நெஞ்சுக்குக் குறி வைத்தான். குண்டு முன்காலில் பட்டது. வெறிபிடித்த பன்றி திரும்பி ஓடியபோது, வரப்பில் நின்றிருந்த கூலியாள் ஒருவரின் தொடையைக் கிழித்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். கால் இனி மடங்காது.

“துப்பாக்கி ஒரு பக்கமா இழுக்குது சார்” என்று ஒட்டடைக்கம்பு முதலில் சொல்லிப் பார்த்தான். விசாரித்த அதிகாரிகள் ரைபிளோடு கட்டியிருந்த கார்டை எடுத்து அவன் முன்னால் போட்டார்கள். ஒவ்வொரு ரைபிளுக்கும் அப்படி ஒரு கார்டு உண்டு. அதில் கடைசிக் கட்டம்: ஆறிய குழல், முதல் குண்டு. அந்தக் கட்டத்தில் ‘நடு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள் முக்கால்மணி அக்கா. அவளே எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சு ஏது? அவன் வாயடைத்துப் போனான். ரைபிளை முத்திரை வைத்து அலமாரியில் பூட்டினார்கள்.

அந்தக் கட்டத்தை அவள் சுடாமலேதான் எழுதினாள்.

ஏன் என்று முப்பத்தாறு நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்று ஏதாவது. ஒன்றும் இல்லை. கார்டு எழுதிய அன்றைக்கு ஆறு ரைபிள். ஏழாம் எண் கடைசியாக வந்தது. சூட்டில் மூன்றும் நடுவில் விழுந்தபோது மணி நாலே முக்கால். வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய்விட்டது என்று கணவர் இரண்டு முறை போன் செய்திருந்தார். பஸ் ஐந்தரைக்கு, விட்டால் ஏழு மணிக்குத்தான். கால் விண்விண் என்று தெறித்தது. போன வருஷம் இதே ரைபிளுக்கு ஆறினாலும் சூடானாலும் ஒரே இடம்தான் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு தடவைதானே என்று கை தானாகவே ‘நடு’ என்று எழுதிவிட்டது. அலுப்பு, வேறொன்றும் இல்லை. இருபத்துநாலு வருஷம் ஊரையே உட்காரவைத்தவளுக்கு அன்று உட்காரத் தெம்பில்லை.

இன்று காலை கிளம்பும்போதுதான் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறவர். வாயில் ஊசி இருந்தது. எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“யாருக்கு இது தெரியும்?”

“எனக்கு. இப்ப உங்களுக்கு.”

“அப்ப அப்படியே இருக்கட்டும். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிட்டா பென்ஷன் வரும். இப்ப போய் வாயைத் திறந்து நீயே உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்காதே.”

“அவன் தலையில போட்டுட்டேனே.”

அவர் ஊசியை மறுபடி எடுத்தார். “சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவருக்குப் பேச முடியாதபோதெல்லாம் அந்த டப்பாதான் கைகொடுக்கும்.

அதிகாரி பத்தரைக்கு வந்தார். கனத்த உடம்பு, சளி பிடித்த மூக்கு, கையில் ஒரு கோப்பு. வந்ததும் மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்குக் கீழே போய் உட்கார்ந்தார். ஒட்டடைக்கம்பு அவருக்குப் பின்னால் வந்து பெஞ்சின் கோடியில் ஒடுங்கினான். அவளுக்கு அவனைப் பார்த்ததும் பக்கென்றது. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, ஒட்டடைக்கம்பு என்ற பெயர் இப்போதுதான் முழுசாகப் பொருந்தியது.

“நல்லா இருக்கீங்களாக்கா?” என்றான்.

“இருக்கேன் தம்பி” என்றாள்.

“சட்டுனு முடிச்சிடலாம்மா. ஒரு மணிக்கு எனக்கு இன்னொரு இடத்துல மீட்டிங்” என்றார் அதிகாரி. “வாக்குமூலம் டைப் பண்ணியாச்சு. கை நடுங்கிடுச்சுன்னு அவனே ஒத்துக்கிட்டான். துப்பாக்கி சரியா இருக்குன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா, அவன் கையெழுத்துப் போட்டுடுவான். ஃபைலை மூடிடலாம்.”

“போட்டா என்ன ஆகும் சார்?”

“என்ன ஆகும்? வேலை போகும். ஒருத்தன் காலு போயிருக்கே.”

அவன் தன் வலது கையை மடிமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்திரையை உடைத்து ரைபிளை எடுத்தபோது அவளுக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. பழைய ரைபிள், மரக்கட்டையில் குழல் படுத்திருக்கும், ஆனால் தொடாது. இடையில் ஒரு தாளை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நுழைத்துப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. மழைக்காலம் முழுக்கக் காட்டில் நனைந்து கட்டை உப்பியிருக்கிறது. குழலை ஒரு பக்கம் முட்டுகிறது. அன்றைக்கு இந்தத் தாளைக்கூட நுழைத்துப் பார்க்கவில்லை.

காதுமூடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நூறு மீட்டருக்கு அப்பால் புதுக் குறித்தாள். கன்னத்தைக் கட்டையில் வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மெதுவாக அழுத்தினாள். இந்த ஒன்றை மட்டும் எத்தனை அலுப்பிலும் அவள் உடம்பு பிசகாமல் செய்யும்.

முதல் குண்டு ஏழுமணிப் பக்கம், அதாவது கடிகாரத்தில் ஏழு இருக்கும் கீழ் இடது மூலையில், நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி விழுந்தது. தொலைநோக்கியில் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“போடுங்க, போடுங்க, நிறுத்தாதீங்க” என்றார் அதிகாரி.

இரண்டாவது, இரண்டு விரல் நெருங்கி வந்தது. குழல் சூடேறச் சூடேறக் கட்டை முட்டுவது மாறுகிறது. குண்டு மேலே ஏறுகிறது. மூன்றும் நாலும் ஐந்தும் நடுவில். ஒரு நாணயத்தை வைத்து மூடிவிடலாம்.

அதிகாரி எழுந்து வந்து தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெகுநேரம் பார்த்தார்.

“பிரமாதம்! முதல் ஒண்ணு ரெண்டு உங்க கை பிசகு. உட்கார்ந்த உடனே அப்படித்தான் ஆகும். மத்ததெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நடுவுல. துப்பாக்கி மேல ஒரு குறையும் இல்ல.”

பேனாவைத் திறந்து எழுதவே ஆரம்பித்துவிட்டார். அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். அவர் தானாகவே எழுதி முடித்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவார். இத்தனை சுளுவாகக் கதவு திறந்துகொள்ளும் என்று அவள் நினைக்கவேயில்லை.

அப்போது பெஞ்சின் கோடியிலிருந்து ஒட்டடைக்கம்பு சொன்னான்: “விடுங்கக்கா. மனசுல வெச்சுக்காதீங்க. யாருக்குமே ஒண்ணு தப்பும்.”

அவள் முகத்தைப் பார்த்து, முதல் குண்டு தப்பிய வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, அவன் ஆறுதல் சொல்கிறான். முப்பத்தாறு நாளில் அவனிடம் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. நின்றிருந்தவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், எழுதாதீங்க” என்றாள். “முக்கால் மணி நேரம் ஆகும்.”

“என்னது?”

“குழல் ஆறணும். அப்புறம் இன்னும் ஒரே ஒரு குண்டு. முதல் குண்டு கை பிசகு இல்ல சார். அதுதான் இந்தத் துப்பாக்கியோட குறி.”

“ஏம்மா, அதான் கார்டுலயே நீங்க எழுதியிருக்கீங்களே. ஆறிய குழல், நடுன்னு.”

“எழுதினேன். சுட்டுப் பாக்காம எழுதினேன்.”

அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருக்கு?”

“ரெண்டு.”

“என்னால இதைக் கேக்காத மாதிரி இருக்க முடியாதும்மா.”

“கேக்கணும்னுதான் சார் சொல்றேன். எனக்கு அன்னைக்கு அலுப்பா இருந்துச்சு. பஸ் போயிடும்னு எழுதிட்டேன். இவன் கை நடுங்கல.”

ஒட்டடைக்கம்பு எழுந்தான். அவள் பக்கம் வருவான், கத்துவான் என்று நினைத்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவன் வெளியே போய் வெயிலில் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த முக்கால் மணி நேரம் சுலபத்தில் போகவில்லை. அதிகாரி மீட்டிங்குக்கு வரமுடியாது என்று போனில் யாரிடமோ சொல்லிவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ரைபிளின் போல்ட்டைப் பின்னால் இழுத்து, குழலுக்குள் காற்றுப் போகும்படி திறந்து வைத்து, நிழலில் சாய்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிடம். மறுபடி பார்த்தாள். ஒன்பது. வந்தவர்களையெல்லாம் இத்தனை வருஷம் இதே பெஞ்சில் உட்காரவைத்தபோது, அவர்களுக்கு நேரம் இப்படித்தான் ஊர்ந்திருக்கும். டப்பாவைத் திறந்தாள், மூடினாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. தோள்வலி தோளிலேயே இருந்தது, கால்வலி காலிலேயே இருந்தது. வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலை புதிதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

இருபது நிமிடம் கழித்து அவன் உள்ளே வந்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

“முப்பத்தாறு நாளா என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா. டீ கிளாஸைப் பிடிச்சா நடுங்குதான்னு பாப்பேன். சட்டைப் பொத்தானைப் போடும்போது பாப்பேன். என் பொண்ணைத் தூக்கவே பயம். கீழ போட்டுடுவேனோன்னு.”

“தெரியும் தம்பி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான் வெடுக்கென்று. “நீங்க ஒரு நாள் போன் பண்ணியிருந்தா போதுமேக்கா. ஒரு நாள்!”

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்பதும் அவன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதுதான் என்று தோன்றியது. எழுந்து போய் மணல்மூட்டையைச் சரிசெய்தாள்.

கடிகாரத்தில் முக்கால் மணி ஆனதும் குழலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஒரு தோட்டாவை எடுத்து, தான் உட்காராமல், அவனிடம் நீட்டினாள்.

“நீ சுடு.”

“இவன் துப்பாக்கியைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கும்மா” என்றார் அதிகாரி.

“ஒரே ஒரு குண்டு சார். நானே சுட்டா என் கை பிசகுன்னு மறுபடி எழுதிடுவீங்க.”

அதிகாரி அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எரிச்சலோடு ஒரு தும்மல் தும்மினார். “சரி, சுடட்டும். என் பொறுப்பு” என்றார்.

அவன் தோட்டாவை வாங்கிக்கொள்ளத் தயங்கினான். வாங்கிய பிறகு உள்ளங்கையில் வைத்து அது அசைகிறதா என்று பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று வழக்கம்போல் திண்டாடி, ஒருவழியாக மடக்கிக்கொண்டான். கன்னம் கட்டையில் பதிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் அதிகாரிதான் முதலில் தொலைநோக்கிக்குப் போனார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. விலகி நின்று, அவனே பார்க்கட்டும் என்று கையைக் காட்டினார்.

ஏழுமணிப் பக்கம், நாலு விரல் தள்ளி, அவள் சுட்ட முதல் ஓட்டையை ஒட்டிக்கொண்டு இன்னொரு ஓட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது.

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி டைப் அடித்த வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து உருவி இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு வெள்ளைத் தாளை எடுத்தார். அதை அவள் பக்கம் தள்ளினார்.

“நடந்ததை உங்க கையாலேயே எழுதிடுங்கம்மா” என்றார். குரலில் இப்போது அவசரம் இல்லை.

எழுதினாள். அரைப் பக்கம்தான் வந்தது. தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். பிறகு ஏழாம் எண் ரைபிளின் கார்டை எடுத்து, கடைசிக் கட்டத்தில் ‘நடு’ என்பதை அடித்துவிட்டு, ‘ஏழுமணிப் பக்கம், நாலு விரல்’ என்று எழுதினாள். ஆயுத அறைச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தாள்.

வாசலில் அவன் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

“அந்தக் காலு போன ஆள் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறேன்” என்றான். “அவர் பொஞ்சாதி கதவைத் திறக்காது. வாசல்லயே பழத்தை வெச்சிட்டு வந்துடுவேன்.”

“இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன் தம்பி. நான்தான் சொல்லணும்.”

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“காலையில ஒன்பது மணிக்கு பஸ்” என்றான். “லேட்டா வந்தீங்கன்னா நான் காத்திருக்க மாட்டேன்.”

“எட்டே காலுக்கே வந்து நிக்கிறேன்” என்றாள் முக்கால்மணி அக்கா.